சிவப்புக்குள் ஒளிந்த மஞ்சள்

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துவிட்டால் சாரதாமணிக்குச் சேலம் மறந்துபோகும். ஜன்னலுக்கு வெளியே சேர்வராயன் மலை நிற்பது மறந்துபோகும். மேஜையில் டீ ஆறும். ஆறின டீயில் விழுந்த எறும்பு நீந்திக் கரையேறி, கல்யாணம் செய்து, பேரன் பேத்தி எடுத்த பிறகுதான் அவள் தலை நிமிரும்.

அந்த வட்ட வெளிச்சத்துக்குள் அப்படி என்ன கிடந்தது என்றால், நூல் துணுக்குகள். வெட்டிப் போட்ட ஊதாப் பட்டு நூல் போல நாற்பத்தாறு குரோமோசோம்கள். ஒரு செல் இரண்டாகப் பிரியப் போகிற நேரத்தில் அவை தடித்து, இடுப்பில் ஒட்டிக்கொண்ட இரட்டைகளாக நடுவில் வந்து நிற்கும். இரண்டு பக்கத்திலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் வந்து பிடித்து, உனக்கு நாற்பத்தாறு எனக்கு நாற்பத்தாறு என்று சண்டை சச்சரவில்லாமல் பாகம் பிரித்து இழுத்துக்கொண்டு போகும். அந்த இழுப்பு தொடங்கும் முன் கண்வலிக்கிழங்கின் விஷத்தில் ஒரு சொட்டு விட்டு, எல்லோரையும் நின்ற இடத்திலேயே நிறுத்திவைப்பது சாரதாமணியின் வேலை. நின்றவர்களை அவள் எண்ணுவாள். கை கால் முழுசாக இருக்கிறதா என்று பார்ப்பாள்.

கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காட்டுப் பாதை மலையேறத் தொடங்கும் இடத்தில் அந்தக் கல்லூரி ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. ஆராய்ச்சிக்கூடம் என்பது பலகையில் எழுதியிருந்த பெயர். உள்ளே மூன்று அறை, ஒன்றரை மின்விசிறி, நாமக்கல் கோழிப்பண்ணை ஒன்று கழித்துப் போட்ட முட்டை பொரிக்கும் பெட்டி. ரத்த செல்கள் வளர்வதற்கும் கோழிக்குஞ்சு பொரிவதற்கும் ஏறக்குறைய ஒரே சூடுதான் வேண்டும் என்று கண்டுபிடித்து, அந்தப் பெட்டியை மாட்டு வண்டியில் ஏற்றிவந்தவர் பேராசிரியர் வீரபாகு. முப்பது மைல் தூரமும் வண்டிக்குப் பின்னால் நாலைந்து கோழிகள் அழுதுகொண்டே ஓடிவந்தன என்று ஒரு பேச்சு உண்டு.

ரத்தம் கொடுப்பவர் அட்டெண்டர் சின்னுசாமி. ஐம்பது வயதிருக்கும். ஒரு சிரிஞ்சு ரத்தத்துக்கு ஒரு டீ, இரண்டு போண்டா. அதை எடுத்து மீடியம் என்கிற சத்து நீரில் விட்டு, மூடி, பெட்டிக்குள் மூன்று நாள் வைத்தால் செல்கள் பெருகும். மீடியத்தில் ஒரு நிறங்காட்டி கலந்திருக்கும். செல்களுக்குச் சௌகரியமாக இருந்தால் அது விடியற்கால வானம் மாதிரி இளஞ்சிவப்பாக இருக்கும். உள்ளே புளித்துப் போனால், அதாவது அமிலம் ஏறினால், ஆரஞ்சாகி மஞ்சளாகிவிடும். பாட்டிலைக் கையில் எடுக்காமலே, கதவருகில் நின்று பார்த்தே இதைச் சொல்லிவிடலாம்.

1984-ஆம் வருஷம் ஆவணி மாதம் அவர்கள் சோதித்துக்கொண்டிருந்தது ராசிபுரத்துப் பட்டுச் சாயம். முகூர்த்தப் புடவைக்கு ஏற்றுகிற கெட்டிச் சிவப்பு. அதைச் செல்களோடு சேர்த்து வளர்த்தால் என்ன ஆகிறது என்று வீரபாகுவுக்குத் தெரிய வேண்டும். சாயம் தேடி எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. சாரதாமணியின் அப்பா கந்தவேல் ராசிபுரத்தில் சாயப்பட்டறை வைத்திருந்தார். கேட்ட மறுவாரமே ஒரு பெரிய பாட்டில் நிறையக் கொடுத்தனுப்பினார். "சிவப்புச் சாயம்" என்று சாரதாமணி தன் கையாலேயே சீட்டு எழுதி ஒட்டினாள்.

வந்த முடிவைப் பார்த்து வீரபாகு நாற்காலியை விட்டு இரண்டடி உயரம் எழும்பினார். சாயம் சேராத செல்களில் ஐம்பதுக்கு ஒன்றில்தான் உடைசல். சாயம் சேர்த்தவற்றில் ஐம்பதுக்கு இருபது! குரோமோசோம்கள் நுனி அறுந்து, நடுவில் விரிசல் விட்டு, வெயிலில் உருகிய மிட்டாய் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பிரிகிற செல்களும் குறைந்து போயிருந்தன. மூன்று முறை செய்தார்கள். மூன்று முறையும் அதேதான்.

சின்னுசாமிதான் அதிகம் கலங்கிப் போனார்.

"ஏனுங்க அம்மிணி, ஒடஞ்சது என்ற ரத்தத்துல இருந்ததுங்களா?"

"பாட்டில்ல இருந்தது ஒடஞ்சுதுங்கண்ணா. உங்க ஒடம்புல இருக்கறது நல்லாத்தான் இருக்குது."

"அதெப்படிங்க? அங்க ஒடஞ்சா இங்க வலிக்காதுங்களா? நேத்திருந்து இடுப்பு புடிச்சிருக்குதுங்களே!"

"நேத்து நீங்க பெஞ்சு தூக்குனீங்க."

"அதுஞ்சரிதானுங்க," என்றார். ஆனாலும் அன்று மூன்று போண்டா வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கோயமுத்தூரில் ஒரு மாநாடு. 'ராசிபுரம் சிவப்பு குரோமோசோம்களை உடைக்கிறது' என்று வீரபாகு கட்டுரை வாசிக்கப் போகிறார். ஒன்பது கார்பன் பிரதி தட்டச்சாகிவிட்டது. பத்திரிகைக்காரர்கள் வருவார்களாம். வாசித்தபின் அந்தச் சிவப்பை எவன் வாங்குவான், ராசிபுரத்துச் சாயக்காரர் தெருவில் எந்தத் தொட்டி கொதிக்கும் என்பதெல்லாம் ஒரு பக்கம். சாரதாமணிக்கு இருந்த கவலை அதைவிடச் சின்னது, அதைவிடப் பெரியது. முப்பது வருஷமாக முழங்கை வரை அந்தச் சிவப்பில் விட்டு எடுத்த இரண்டு கைகள். மாநாட்டுக்கு முன் அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரரிடம் தானே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறினாள்.

பட்டறையில் நீராவி கூரை முட்டி நின்றது. பெரிய தாமிர அண்டாவில் சிவப்பு தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்க, கோலில் தொங்கிய பட்டு நூல் சிட்டங்கள் குளித்து எழுந்துகொண்டிருந்தன. நீராவிக்கு நடுவே கந்தவேலின் கைகள் மட்டும் தெரிந்தன. அந்தக் கைகள் எப்படிச் சிவந்தவை என்றால், இருட்டில் விளக்கில்லாமல் அவர் சாப்பிட்டுவிடுவார் என்பார்கள்.

"வா சாமி. என்ன, மூஞ்சி அலசாத துண்டாட்டம் இருக்குது?"

"ஒண்ணுமில்லீங்கப்பா. ஒரு சங்கதி சொல்லணும்."

"சொல்லு சொல்லு. இரு, இதைப் பாத்துட்டு வாரேன்."

அண்டாவிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, ஊதி ஆற்றி, சுண்டுவிரல் நுனியை நனைத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். தூரத்தில் யாரோ பாடுவதைக் காது கொடுத்துக் கேட்கிறவரைப் போல நின்றார். பிறகு துப்பிவிட்டு, மூலையிலிருந்த கண்ணாடி ஜாடியைச் சாய்த்து அரைக் கிண்ணம் ஊற்றினார். மூக்கைப் பிடுங்கும் நெடி வந்தது. சாரதாமணி பிறந்ததிலிருந்து மோந்த நெடி. அது இல்லாவிட்டால்தான் வீட்டில் ஏதோ குறை என்று தோன்றும்.

"புளிப்பு பத்தல," என்றார். "புளிப்பு பத்தலீன்னா சிவப்பு பட்டுல ஏறாது. ஏறுனாலும் நிக்காது. தாலி கட்டி முடிக்கறதுக்குள்ள மாப்பிள்ளை வேட்டி, அய்யரு வேட்டி, சமையக்காரன் வேட்டி எல்லாஞ் செவந்து போயிரும். ம், என்ன சங்கதி?"

சாரதாமணி வாயைத் திறந்தாள். சொல்ல வந்தது வரவில்லை. வேறொன்று வந்தது.

"அப்பா, காலேஜுக்குக் குடுத்தனுப்புனீங்களே, ஒரு பாட்டில். அதுலயும் புளிப்பு ஊத்துனீங்களா?"

சோறாக்கும்போது தண்ணீர் வைத்தாயா என்று கேட்டவளைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தார்.

"ஊத்தாம? பச்சத்தண்ணியில பொடியக் கரைச்சா அதுக்குப் பேரு சாயமா கண்ணு? மாட்டுக்கொம்புக்குக்கூட அதைப் பூச மாட்டான். இன்னுஞ் சொல்றேன் கேளு. காலேஜுக்குப் போறதாச்சே, படிச்சவங்க பாக்கறதாச்சே, நம்ம பேரு கெட்டுப் போவக்கூடாதுன்னு ரெண்டு பங்கு தூக்கலாவே ஊத்தி உட்டேன்!"

பெருமையில் அவர் மீசை நுனி நடுங்கியது.

சாரதாமணி அங்கிருந்த சாக்கு மூட்டை மேல் மெல்ல உட்கார்ந்தாள். அமிலம்! சாயக்காரர் வீட்டில் பிறந்து, அந்த நெடியிலேயே தவழ்ந்து, கடைசியில் அவள்தான் 'சிவப்புச் சாயம்' என்று சீட்டெழுதி ஒட்டினாள். ரசத்தைப் பற்றிப் பேசும்போது உப்பைப் பற்றி யார் பேசுகிறார்கள்? அவர் சொல்லவில்லை, அவள் கேட்கவில்லை, வீரபாகுவுக்கோ பட்டுக்குப் புளிப்பு வேண்டும் என்பதே தெரியாது.

சரி, மீடியம் புளித்திருந்தால் மஞ்சளாகியிருக்க வேண்டுமே, மூன்று பேரில் ஒருவர் கண்ணிலும் படவில்லையே என்று யோசித்தாள். யோசித்த மாத்திரத்தில் சிரிப்பு வந்தது. எப்படிப் படும்? அந்தக் கெட்டிச் சிவப்பை அதிலே ஊற்றிய பிறகு இளஞ்சிவப்பு ஏது, மஞ்சள் ஏது? கூவிக் கூப்பிட்டுக்கொண்டிருந்த மஞ்சளைச் சிவப்பு தன் முந்தானைக்குள் மூடி வைத்திருந்தது.

"சங்கதி என்னன்னு சொல்லவே இல்லியே?" என்றார் கந்தவேல்.

"வியாழக்கிழமைக்கு மேல சொல்றேனுங்கப்பா. இப்போதைக்கு எனக்கு இந்தத் தொட்டிச் சாயம் ஒரு பாட்டில், வெறும் பொடி ஒரு பொட்டலம், வெறும் புளிப்பு ஒரு பாட்டில் வேணும். காலேஜுக்கு ஊத்துன அதே அளவுல."

மடியில் அவற்றை வைத்துக்கொண்டு மத்தியானப் பஸ்ஸில் வந்தாள். மல்லூர் தாண்டுவதற்குள் கண் சொக்கியது. சொக்கிய கண்ணுக்குள் பஸ்ஸிலிருந்தவர்கள் ஊதா நிறமானார்கள். எண்ணிப் பார்த்தாள், சரியாக நாற்பத்தாறு பேர். ஒவ்வொருவரும் தன் இரட்டையின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நடுப் பாதையில் வரிசையாக நின்றார்கள். கண்டக்டர் விசில் ஊதினால் பஸ் நடுவில் இரண்டாகக் கிள்ளிப் பிரிந்து, பாதி பஸ் சேலத்துக்கும் பாதி பஸ் திரும்ப ராசிபுரத்துக்கும் போக வேண்டும். எல்லோரும் விசிலுக்குக் காத்திருந்தார்கள். கண்டக்டரோ விசிலுக்குப் பதில் பையிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்துப் பிழியத் தொடங்கினார். ஒரு பழம், நூறு பழம், சேலம் மார்க்கெட்டுப் பழம் பூராவும். புளிப்பு முட்டியளவு ஏறியது. கட்டிக்கொண்டிருந்தவர்கள் பிரிய முடியாமல் ஒட்டிக்கொண்டார்கள். ஒருவருக்குக் கை கழன்று மிதந்தது. ஒருவருடைய குடுமி தனியாக நீந்திப் போனது. ஜன்னலோரம் அவள் அப்பா உட்கார்ந்து, சுண்டுவிரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்து, "இன்னும் பத்தல," என்றார்.

"கடைசி ஸ்டாப்பு! எறங்குங்க," என்று நிஜமான கண்டக்டர் எழுப்பினார்.

திங்கட்கிழமை காலை வீரபாகு அவள் சொன்னதைக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கியது.

"என்னம்மா, ஒரே நாள்ல அப்பாவுக்கு வக்கீல் ஆயிட்டே?"

"வக்கீல் இல்லீங்க சார். சாயம் பண்ணுச்சா, புளிப்பு பண்ணுச்சா, நமக்குத் தெரியாது. ரெண்டும் ஒண்ணாத்தான் போயிருக்குது."

"மூணு வாட்டி பார்த்தோமே?"

"மூணு வாட்டியும் அதே பாட்டில்தானுங்க சார்."

வீரபாகு ஒன்பது கார்பன் பிரதிகளையும் ஒருமுறை தடவிக் கொடுத்தார், பெற்ற பிள்ளைகளைத் தடவுவதுபோல.

"வியாழக்கிழமை மூணரை மணிக்கு எனக்குப் பஸ். அதுக்குள்ள காட்டினா காட்டு. இல்லேன்னா இதைத்தான் வாசிப்பேன். அப்புறம், நீயே எண்ணினா உன் கண்ணு உனக்குப் பிடிச்ச மாதிரிதானே எண்ணும்?"

"அதையும் யோசிச்சேனுங்க சார். எது எதுன்னு எனக்கே தெரியாம எண்ணறேன்."

நான்கு பாட்டில். ஒன்றில் எதுவும் சேர்க்கப் போவதில்லை. ஒன்றில் புளிப்பு சேர்ந்த தொட்டிச் சாயம். ஒன்றில் வெறும் தண்ணீரில் கரைத்த சாயப்பொடி. ஒன்றில் சாயமே இல்லாத புளிப்பு. சின்னுசாமி கையை நீட்டினார், முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டு. ரத்தம் நான்கு பாட்டிலுக்கும் போனது. இரண்டு நாள் கழித்து, புதன்கிழமை காலை சாரதாமணி அவரவர் பங்கைச் சேர்த்தாள்.

நான்காவது பாட்டிலில் புளிப்பு விழுந்தபோது அவள் மூச்சுவிட மறந்தாள். விடியற்கால இளஞ்சிவப்பு ஒரு நொடி தயங்கியது. ஆரஞ்சாயிற்று. பிறகு மஞ்சள் கரைத்த தண்ணீராகக் குபீரென்று நிறைந்துவிட்டது. இரண்டாவது பாட்டிலில் தொட்டிச் சாயம் விழுந்தபோது எதுவும் நடக்கவில்லை. சிவப்பு, சிவப்பாகவே இருந்தது. வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். அதன் விளிம்பில் நகக்கண் அகலத்துக்கு ஒரு காவி தெரிந்ததோ, தெரிந்தது மாதிரி இருந்ததோ.

அன்று மத்தியானம் இரண்டு மணிக்குக் கரண்ட் போயிற்று. முட்டைப் பெட்டி ஒரு முனகல் முனகி அடங்கியது. அரைமணி, ஒரு மணி. பெட்டியின் வெப்பமானி இறங்கத் தொடங்கியது. செல்கள் குளிர்ந்தால் பிரியாது. பிரியாவிட்டால் வியாழக்கிழமை எண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது. சாரதாமணி பெட்டியின் மேல் தன் புடவைத் தலைப்பையும், அறையிலிருந்த மேஜை விரிப்பையும், வீரபாகுவின் பட்டமளிப்பு அங்கியையும் போட்டு மூடினாள். வெப்பமானி அதற்கெல்லாம் மசியவில்லை, இறங்கிக்கொண்டே போனது.

சின்னுசாமி தொண்டையைக் கனைத்தார்.

"ஏனுங்க அம்மிணி, இதுகளுக்கு எத்தன சூடு வேணுங்க?"

"மனுசன் ஒடம்புச் சூடுங்கண்ணா."

"இங்கதான் ஒரு மனுசன் சும்மா நிக்கறேனுங்களே!"

சொன்னவர் சட்டைக்குள் நான்கு பாட்டிலையும் விட்டுக்கொண்டு, வேட்டியை இறுக்கிக் கட்டி, கம்பளி ஒன்றைப் போர்த்திக்கொண்டு மூலையில் குந்திவிட்டார். இரண்டு மணி நேரம் அசையவில்லை. வெளியே ஆவணி வெயிலில் ரோட்டுத் தார் இளகியது. உள்ளே கம்பளிக்குள் சின்னுசாமி அதைவிட இளகினார். சொட்டிய வியர்வையில் தரையில் ஒரு குட்டை தேங்கி, வாசலைத் தாண்டி, ஏற்காட்டுப் பாதையில் இறங்கி ஓடியது என்று பிற்பாடு அவரே சொல்வார். யாராவது எட்டிப் பார்த்தால் அடைகாக்கும் கோழி பார்ப்பதுபோலவே பார்த்தார்.

"என்ற ரத்தம், என்ற சூட்டுல வளருது. யாருக்கு நட்டம்?" என்றார்.

ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. பாட்டில்களை எடுக்கும்போது அவருக்குக் கொஞ்சம் பிரிய மனமில்லாமல்தான் இருந்தது.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் கண்வலிக்கிழங்கு மருந்து. ஒன்பது மணிக்கு செல்களை வடித்து, ஊறவைத்து, உப்ப வைத்து, மூன்று முறை கழுவி எடுத்ததில் சாயம் சுவடே இல்லாமல் போய்விட்டது. நான்கு குழாயிலும் நான்கு பொட்டு வெள்ளை. சாரதாமணி வெளியே போய் நின்றாள். சின்னுசாமி கதவைச் சாத்திக்கொண்டு குழாய்களுக்குப் பெயர் வைத்தார். கதவைத் திறந்தபோது குழாய்களில் செவலை, மயிலை, காரி, வெள்ளச்சி என்று ஒட்டியிருந்தது. அவர் வீட்டு மாடுகள். எந்த மாடு எது என்று எழுதிய சீட்டு அவர் மடியில். வாய் திறந்தால் சொல்லிவிடுவோம் என்று பயந்து, வெற்றிலையை ஒரு கட்டு மொத்தமாகப் போட்டு அடைத்துக்கொண்டார்.

சாரதாமணி முக்காலி மேல் ஏறி நின்று, மூன்றடி உயரத்திலிருந்து குளிர்ந்த கண்ணாடித் துண்டில் ஒவ்வொரு சொட்டாக விட்டாள். அந்த உயரத்திலிருந்து விழுந்தால்தான் செல் தெறித்து, குரோமோசோம்கள் தள்ளித் தள்ளி விரியும். கண்ணுக்குத் தெரிவதற்கான ஊதாச் சாயம் ஏற்றிக் காயவைத்து, பதினோரு மணிக்குக் கண்ணை வைத்தாள். வட்ட வெளிச்சம் அவளை உள்ளே இழுத்துக்கொண்டது.

காரி நிதானமாக இருந்தது. நாற்பத்தாறு, நாற்பத்தாறு, நாற்பத்தாறு. ஐம்பது செல்லில் ஒரே ஒரு விரிசல். வெள்ளச்சியும் அப்படியே, இரண்டு. செவலையில் பிரிகிற செல் கிடைப்பதே கஷ்டமாக இருந்தது; மூன்று கண்ணாடி தேடி ஐம்பது சேர்த்தாள். அறுந்தவை, ஒட்டிக்கொண்டவை, தன் துணுக்கைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறவை. இருபத்தொன்று. மயிலையும் அதே கதி. பத்தொன்பது. எண்ணிக்கொண்டே போகையில் அவளுக்கு எல்லாம் கனவில் நடப்பதாகத் தோன்றியது. ஊதாத் துணுக்குகள் விளையாட்டாய் ஓடி ஓடி ஒளிந்தன. 'சொல்லேன், உன்னை உடைத்தது யார்?' என்று ஒன்றிடம் கேட்டாள். அது இடுப்பை ஒடித்துக்கொண்டு சும்மா மிதந்தது.

இரண்டே முக்காலுக்குத் தலை நிமிர்ந்தாள். வீரபாகு பயணப் பையோடு எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

"காரி ஒண்ணு. வெள்ளச்சி ரெண்டு. மயிலை பத்தொம்பது. செவலை இருபத்தொண்ணு," என்றாள்.

"சின்னுசாமி! சீட்டு!"

சின்னுசாமி வெளியே போய்த் துப்பினார். வாய் கொப்பளித்தார். முகம் கழுவினார். மடியை அவிழ்த்து, புகையிலைப் பொட்டலத்தை எடுத்து, அதற்குள்ளிருந்து சுண்ணாம்பு டப்பியை எடுத்து, அதற்கடியிலிருந்து சீட்டை எடுத்தார். இந்த நேரத்துக்குள் காவிரியில் ஒரு வெள்ளம் வந்து வடிந்திருக்கும்.

"காரி," என்று படித்தார். "சும்மா உட்டது. ஒண்ணுஞ் சேக்காதது."

"சரி."

"செவலை. தொட்டிச் சாயம். புளிப்பு ஊத்துனது."

அதுவும் எதிர்பார்த்ததுதான். மீதி இரண்டு. இரண்டில் ஒன்று வெறும் சாயம், ஒன்று வெறும் புளிப்பு. மயிலை வெறும் சாயமாக இருந்தால் அவள் அப்பாவின் கைகள் முப்பது வருஷம் விஷத்தில் கிடந்தவை. சாரதாமணி முக்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். முதல்முறையாக அந்த அறைக்குள் மலையிலிருந்து வந்த காற்று அவளுக்குக் கேட்டது.

"மயிலை..." என்று சின்னுசாமி சீட்டைத் தூரத்தில் பிடித்தார்; பக்கத்தில் கொண்டுவந்தார். "கையெழுத்து எனக்கே வெளங்க மாட்டீங்குதுங்க."

"யோவ்!" என்றார் வீரபாகு.

"மயிலை, புளிப்பு மட்டும். வெள்ளச்சி, வெறுஞ் சாயப்பொடி."

அடியில் மஞ்சள் தங்கிய நான்காவது பாட்டில் மேஜையில் இருந்தது. சாரதாமணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு துளி சிவப்பும் சேராத அந்த வெறும் மஞ்சள்தான் இவ்வளவும் செய்திருந்தது. அவள் கண்ணில் அது மெல்லக் கலங்கிப் பரந்தது.

வீரபாகு தன் பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று யாரும் சொல்லவில்லை. அவர் முகம் முதலில் இருண்டது. பிறகு, மலைமேல் விளக்குப் போடுவதுபோல ஒவ்வொரு பக்கமாக வெளிச்சமாகிக்கொண்டு வந்தது.

"சாரதா! அப்போ இந்த மாதிரி எதை எதையோ ஊத்திப் பார்த்து உடையுது உடையுதுன்னு எழுதறானுங்களே, அவனுங்க எல்லாரும் புளிப்பு பார்த்தானுங்களா?"

"தெரியலீங்களே சார்."

"பார்த்திருக்க மாட்டானுங்கம்மா! ஒருத்தனும் பார்த்திருக்க மாட்டான்!" எழுந்து ஒரு சுற்று சுற்றினார். "நாளைக்குக் கோயமுத்தூர்ல ஒவ்வொருத்தன் பாட்டிலையும் மோந்து பார்க்கப் போறேன். பதினாலு கட்டுரை வாசிக்கறாங்க. பதினாலு பேரும் வேட்டியைப் புடிச்சுக்கிட்டு ஓடறானுங்களா இல்லையா பாரு!"

ஒன்பது கார்பன் பிரதிகளிலும் தலைப்பை அடித்தார். 'ராசிபுரம் சிவப்பு' போய், 'அமிலம்' வந்தது. ஆசிரியர் பெயர்களில் சாரதாமணியின் பெயரை முதலில் தூக்கி வைத்தார். பிறகு பேராசிரியர் முகத்தை வரவழைத்துக்கொண்டு, "ஆனா ஒண்ணு. ஒருத்தர் ரத்தம், ஒரு சிவப்பு. இதோட முடிஞ்சு போச்சுன்னு நினைக்காதே. இன்னும் நாலு பேர் ரத்தத்துல செஞ்சு பார்க்கணும்," என்றார்.

"நாலு பேரு எதுக்குங்க?" என்றார் சின்னுசாமி. "நானே நாலு வாட்டி குடுக்கறேன்."

மூன்றரை மணிப் பஸ் போயிருந்தது. நாலே காலுக்கு வந்த லாரியின் முன்சீட்டில் ஒன்பது பிரதியையும் மடியில் வைத்துக்கொண்டு வீரபாகு கோயமுத்தூருக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை சாரதாமணி ராசிபுரத்துக்கு வந்தபோது அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. நடந்ததெல்லாம் சொன்னாள். கந்தவேல் கோலை ஊன்றிக்கொண்டு கேட்டார். சாயத்தின் மேல் வந்த பழியும், அது போனதும் அவரை அசைக்கவில்லை. கடைசியில் அவருக்கு வந்தது ரோஷம்.

"அப்ப, என்ற புளிப்பையா கெட்டதுன்னு எழுதிப் போட்டீங்க?"

"கெட்டதுன்னு இல்லீங்கப்பா. பட்டுக்கு நல்லது. ரத்தத்து செல்லுக்கு ஆவாது. எத்தன ஊத்தறோம்னு தெரிஞ்சு ஊத்தணும். நாக்குல வெச்சுப் பாக்கறதை மட்டும் உட்டுருங்க. அதுக்குத்தான் இது."

பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகம் எடுத்தாள். தீப்பெட்டி அகலம்தான். உள்ளே மஞ்சள் நிறக் காகிதக் கீற்றுகள். அட்டையில் சிவப்பிலிருந்து நீலம் வரை நிறங்களும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் புளிப்பின் அளவைச் சொல்லும் ஓர் எண்ணும். சிவப்புச் சாயத்தில் நேராக நனைத்தால் எதுவும் தெரியாது, அதனால் சாயப்பொடி போடும் முன்பு வெறும் புளிப்புத் தண்ணீரில் நனைத்துப் பார்க்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தாள். கந்தவேல் மரியாதையாக ஒரு கீற்றைக் கிழித்து, கிண்ணத்தில் கலந்த புளிப்புத் தண்ணீரில் நனைத்தார். காகிதம் நிறம் மாறியது. அட்டையோடு ஒட்டிப் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"நாலு காட்டுது," என்றார்.

"ஆமாங்கப்பா. அவ்வளவுதான். இனிமே நாக்கே வேண்டாம்."

கந்தவேல் தலையாட்டினார். சுண்டுவிரலை அதே தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். தூரத்துப் பாட்டைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"பரவால்ல," என்றார், கண்ணைத் திறந்து. "காயிதம் சரியாத்தான் சொல்லுது."